தலைநகரின் தண்ணீரும் மக்களின் நம்பிக்கையும்

கிணற்றில் நீர் இறைத்துப் பருகுகிறவன் தன் கண்ணையும் நாவையுமே நம்புகிறான். நீர் தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா, உவர்க்கிறதா, இனிக்கிறதா என்பதை அவனே கண்டுகொள்ளுகிறான். கிணறு தூர்ந்துபோனால் யாரிடம் சென்று முறையிடுவது என்பதும் அவனுக்குத் தெரியும். குழாயைத் திறந்து நீர் பிடிக்கிறவனுடைய நிலை வேறு. அந்நீர் ஆற்றில் எவ்விடத்தில் எடுக்கப்பட்டது, யார் வடிகட்டினார், எவ்வளவு மருந்து கலந்தார், எத்தனை கிலோமீட்டர் மண்ணுக்கடியில் ஓடி வந்தது என்பவற்றுள் ஒன்றையும் அவன் காண்பதில்லை. முகமறியாத சிலர் தத்தம் கடமையைச் சரிவரச் செய்திருப்பார்கள் என்ற நம்பிக்கையிலேயே அவன் குவளையை உயர்த்துகிறான். குடிமகன் அரசாங்கத்திடம் வைக்கும் நம்பிக்கைகள் பல. அவற்றுள் நாள்தோறும் வாய்வழியே உட்கொள்ளப்படுவது இஃது ஒன்றே எனலாம்.

பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் குடியேறி வாழும் நம் போன்றோர்க்கு இது மிகவும் பொருந்தும். சொந்த ஊரில் ஏரி எது, ஊருணி எது, எந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகும், எதில் வேகாது என்பதெல்லாம் பரம்பரை அறிவாக நமக்கு வாய்த்திருக்கிறது. மும்பை மாட்டுங்காவிலோ தில்லி கரோல்பாகிலோ வாடகை வீடு தேடிச் செல்லும்போது, நமக்கு அந்த அறிவு துணை வருவதில்லை. "தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்கிறோம், கிடைக்கும் விடையை நம்புகிறோம். இந்த நம்பிக்கை ஒரு நகரத்தில் எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு உடைந்தது, எந்த வழிகளில் மீண்டும் கட்டப்பட்டது என்பதைத் தில்லி மாநகரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

தில்லியை ஆண்டவர்கள் பலர். எனினும் தண்ணீரை மறந்து ஆண்டவர் எவரும் நிலைத்ததில்லை. சுல்தான் இல்தூத்மிஷ் 1230ஆம் ஆண்டையொட்டி மெஹ்ரௌலியில் ஹௌஸ்-இ-ஷம்ஸி என்னும் பெரிய குளத்தை வெட்டுவித்தார். பின்னர் அலாவுதீன் கில்ஜி தம் புதிய நகரின் தேவைக்காக மற்றொரு குளத்தை அமைத்தார். இன்று ஹௌஸ் காஸ் என்று வழங்கும் பகுதி அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரசர்கள் மட்டுமே இப்பணியைச் செய்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. இன்று விமான நிலையத்தால் பெயர் பெற்றிருக்கும் பாலம் என்னும் ஊரில், பால்பன் சுல்தானின் ஆட்சிக் காலமாகிய 1276ஆம் ஆண்டில், உத்தரர் என்னும் செல்வர் ஒருவர் வழிப்போக்கர்களுக்காகப் படிக்கிணறு ஒன்றை எடுப்பித்தார். அதனைக் கூறும் சம்ஸ்கிருதக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. உத்தரர் தில்லியின் பழங்குடியினர் அல்லர். இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த பஞ்சாபில் உள்ள உச் என்னும் ஊரிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர். வந்த இடத்தில் ஒரு கிணறு வெட்டி அந்த ஊருக்கு உரியவராகிவிட்டார்.

இக்குளங்களுக்குப் பிற்காலத்தில் நேர்ந்த கதி நமக்கு ஒரு பாடமாகும். பதினான்காம் நூற்றாண்டில் அரியணை ஏறிய ஃபிரோஸ் ஷா துக்ளக், தம் ஆட்சியின் செயல்களைத் தாமே தொகுத்துக் கூறும் ஏடு ஒன்றை விட்டுச் சென்றுள்ளார். ஹௌஸ்-இ-ஷம்ஸிக்கு நீர் வரும் கால்வாய்களைச் சிலர் அடைத்துவிட்டதால் குளம் வறண்டு கிடந்தது என்றும், அவர்களைத் தண்டித்து வாய்க்கால்களை மீண்டும் திறப்பித்ததாகவும் அதில் அவர் எழுதுகிறார். அலாவுதீனின் குளமோ மண் மேவித் தூர்ந்து போயிருந்தது. அதன் படுகையில் மக்கள் பயிர் செய்தனர். கிணறு தோண்டி அந்நீரை விற்கவும் செய்தனர். ஃபிரோஸ் ஷா அதனைத் தூர்வாரிச் செப்பனிட்டார். பொதுக்குளம் பராமரிப்பின்றிப் போகுமானால் அவ்விடத்தில் தண்ணீர் வியாபாரி தோன்றுவான் என்னும் உண்மை, லாரித் தண்ணீரை விலை கொடுத்து வாங்கும் நம் காலத்திற்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன்பே தில்லியில் பதிவாகியிருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் ஷாஜஹான் தம் பெயரால் புதிய தலைநகரை அமைத்தபோது, அலி மர்தான் கான் என்னும் பிரபுவின் மேற்பார்வையில் யமுனையிலிருந்து நகருக்குள் கால்வாய் கொண்டுவரப்பட்டது. சாந்தினி சௌக் கடைவீதியின் நடுவே அந்நீர் ஓடிற்று. செங்கோட்டை மாளிகைகளையும் குளிர்வித்தது. அடுத்த நூற்றாண்டின் அரசியற் குழப்பங்களில் கால்வாயைக் கவனிப்பார் இல்லை; நீர் நின்றுவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் அதனைச் செப்பனிட்டு 1820இல் மீண்டும் நீர் விட்டபோது, நகர மக்கள் மேளம் முழங்க ஊர்வலமாகச் சென்று மலரும் நெய்யும் இட்டு அந்நீரை எதிர்கொண்டழைத்தனர் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அந்நிய ஆட்சியிடம் அவர்களுக்கு இருந்த அன்பு அந்த வரவேற்புக்குக் காரணமன்று. வந்தது தண்ணீர், அது போதும். எந்த அரசாங்கமானாலும் தண்ணீர் கொண்டுவந்தால் மக்கள் ஓரடி நெருங்கி வருவார்கள்.

நகருக்குள் கிணறுகள் இல்லாமற் போகவில்லை. 1843ஆம் ஆண்டில் ஷாஜஹானாபாத்தில் 607 கிணறுகள் இருந்தன. அவற்றுள் நன்னீர்க் கிணறுகள் 52 மட்டுமே. எஞ்சியவை உவர் நீர். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் யமுனைக் கரையருகே நீரேற்று நிலையம் அமைத்துக் குழாய்களின் வழியே வடிகட்டிய நீரை வழங்கத் தொடங்கியது பெரும் மாறுதலாக அமைந்தது. கைக்கெட்டிய தூரத்தில் குழாய் இருக்கும்போது கிணற்றை யார் பேணுவார்? கிணறுகள் பல தூர்ந்தன, சில மூடப்பட்டன. மக்கள் தம் கண்ணையும் நாவையும் நம்புவதை விட்டு, நீரேற்று நிலையத்தை நம்பத் தலைப்பட்டனர். இந்த மாறுதல் ஓசையின்றி நிகழ்ந்தமையால், எவ்வளவு பெரிய பொறுப்பு கைம்மாறியது என்பதை அன்று பலரும் உணரவில்லை. அதனை உணர்த்துவதற்கு 1955ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

நாட்டுப் பிரிவினைக்குப்பின் தில்லியின் மக்கள் தொகை முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் பெருகியது. 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தில்லிப் பிரதேசத்தில் 9 லட்சத்து 18 ஆயிரம் பேர் இருந்தனர். 1951இல் அத்தொகை 17 லட்சத்து 44 ஆயிரமாயிற்று. புதிய குடியிருப்புகள் தோன்றின. அவற்றின் கழிவு நீர் நஜஃப்கர் வடிகாலில் கலந்து யமுனையை அடைந்தது. நகருக்குக் குடிநீர் எடுக்கும் இடமாகிய வஜீராபாத், அவ்வடிகால் ஆற்றில் வந்து சேரும் இடத்திற்குச் சற்று மேலே உள்ளது. ஆறு வழக்கம்போல் ஓடும் வரையில் இதனால் கெடுதி இல்லை. கழிவு கீழ்நோக்கிச் சென்றுவிடும். ஆற்றின் போக்கு மாறாது என்ற எண்ணத்தின்மீதே அந்த ஏற்பாடு முழுவதும் நின்றது.

ஆனால் 1955ஆம் ஆண்டு மழைக்காலத்திற்குப்பின் யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டது. நீரோட்டம் கரையை விட்டு விலகிக் கிழக்கே ஒதுங்கியது. வடிகால் நீரை இழுத்துச் செல்ல ஆற்று வேகம் இல்லாமற்போகவே, அது எதிர்த்திசையில் பின்னேறி, நீரேற்று நிலையம் நீர் எடுக்கும் இடத்தை வந்தடைந்தது. நவம்பர் மாதத்தின் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஒரு வாரம் இந்நிலை நீடித்தது. பொறியாளர்கள் கைகட்டி இருக்கவில்லை. படிகாரத்தையும் குளோரினையும் வழக்கத்தினும் மிகுதியாகக் கலந்தனர். குழாயில் வந்த நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. ஆபத்து நீங்கிவிட்டதுபோல் தோன்றிற்று.

டிசம்பர் மாதம் பிறந்தது. நகரெங்கும் மஞ்சள் காமாலை பரவியது. ஜனவரியின் பிற்பகுதி வரை நீடித்த அக்கொள்ளை நோயில், கண் மஞ்சளித்து வெளிப்படையாக நோயுற்றோர் தொகை மட்டும் சுமார் 29,300 என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. குடிசைவாசிகளுக்கு மட்டும் வந்த நோயன்று அது. ஒரே குழாய் நீரைப் பருகிய மாளிகைகளிலும் அரசாங்க ஊழியர் குடியிருப்புகளிலும் அது புகுந்தது. மற்றப் பெண்களைவிடக் கருவுற்ற பெண்களிடையே மரணம் மிகுதியாக இருந்தது. வீட்டின் ஒரு மூலையில் இருந்த குழாயை எந்தத் தாயும் சந்தேகித்திருக்க மாட்டாள் என்பதே இந்நிகழ்ச்சியின் பெருஞ்சோகம்.

நோய் தோன்றிய காலத்தைக் கவனியுங்கள். நீர் கெட்டது நவம்பர் நடுவில். நோய் பெருகியது டிசம்பரில். இந்நோய்க் கிருமி உடலுள் புகுந்த பிறகு வெளிப்படுவதற்குப் பல வாரங்கள் செல்லும். ஆகவே நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்த நாளில் குழாய் நீர் மீண்டும் நல்ல நீராகவே இருந்திருக்கும். மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. மிகுதியாகக் கலந்த குளோரின், டைபாய்டு, வயிற்றுளைச்சல் முதலிய நோய்களின் பாக்டீரியாக்களை அழித்துவிட்டது, அந்நோய்கள் பெருகவில்லை. ஆனால் அவற்றினும் நுண்ணிய வைரஸ் ஒன்று அந்த மருந்துக்குத் தப்பிவிட்டது. எடுத்த முயற்சி வீணாகவில்லை. ஆயினும் அது போதவில்லை.

உடைந்த நம்பிக்கையை மீண்டும் கட்டுவதற்கு இரண்டு செயல்கள் தேவைப்பட்டன. ஒன்று கல்லாலும் சிமெண்டாலும் ஆனது. வஜீராபாத்தில், நீர் எடுக்கும் இடத்திற்குக் கீழும் வடிகால் சேரும் இடத்திற்கு மேலுமாக, யமுனையின் குறுக்கே 1959இல் தடுப்பணை எழுந்தது. ஆறு எப்படித் திரும்பினாலும் கழிவு நீர் பின்னேறாதபடி நிலையான தடை ஒன்று அதனால் உண்டாயிற்று. நிர்வாகத்திலும் மாறுதல் நேர்ந்தது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958இல் தில்லி மாநகராட்சி தோன்றியபோது, குடிநீர் வழங்குதலும் கழிவுநீர் அகற்றுதலும் அதன்கீழ் ஒரே அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டன. குடிநீரும் கழிவு நீரும் இருவேறு பொருள்கள் அல்ல, ஒரே நீரின் இரு நிலைகள் என்பதை 1955ஆம் ஆண்டு நிகழ்ச்சி நன்றாகவே கற்பித்திருந்தது.

இரண்டாவது செயல் காகிதத்தால் ஆனது. அதன் பயன் இன்னும் நீண்டது. நடந்ததை மூடி மறைக்காமல் அரசாங்க மருத்துவ அறிஞர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்து, நீர் எவ்வாறு கெட்டது, யார் யார் நோயுற்றனர், எத்தனை பேர் இறந்தனர் என்பவற்றை ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி 1957இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழின் வாயிலாக வெளியாயிற்று. நோயாளிகளிடமிருந்து எடுத்த குருதி மாதிரிகளும் பாதுகாத்து வைக்கப்பட்டன. கால் நூற்றாண்டு கழிந்து, 1980இல், புதிய சோதனை முறைகளைக் கொண்டு அவற்றை ஆராய்ந்தபோது, அது அதுவரை அறிந்திருந்த கல்லீரல் அழற்சி 'ஏ' வகையும் அன்று, 'பி' வகையும் அன்று என்பது தெளிவாயிற்று. இன்று 'ஈ' வகை என வழங்கும் நோயை உலகம் அறிந்துகொள்வதற்கு, தில்லி தன் தவற்றை நேர்மையாக எழுதி வைத்தது ஒரு காரணமாயிற்று. பிழை நேராத அரசாங்கம் உலகில் இல்லை. நேர்ந்த பிழையை எண்ணிக்கையோடு எழுதி வைக்கும் அரசாங்கத்தை மக்கள் மறுபடியும் நம்ப இடமுண்டு.

எனினும் குழாயைப் பற்றிய நம்பிக்கை, குழாய் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியதாகும். 1988ஆம் ஆண்டு மழைக்காலத்தில் யமுனைக்குக் கிழக்கே உள்ள மறுகுடியமர்வுப் பகுதிகளில் காலரா பரவியது. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகள் அங்கே குடியமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களிற் பலருக்குக் கைப்பம்பே கதி. ஆழமில்லாத அப்பம்புகளின் நிலத்தடி நீரில் கழிவு கலந்திருந்தது. 1955இல் மாளிகைக்கும் குடிசைக்கும் ஒரே நீர் சென்றதால் ஆபத்தும் பொதுவாயிற்று. பரிகாரமும் விரைந்து வந்தது. 1988இல் ஆபத்து ஒரு சாராருக்கே உரியதாக இருந்தது. ஒரு நகரின் நீர்க்கொள்கை நல்லதா என்று அறிய விரும்புகிறவன், நீரேற்று நிலையத்தைப் பார்த்தால் போதாது. குழாய் முடியும் இடத்திற்கும் அப்பால் சென்று பார்க்க வேண்டும்.

பின்னர் வந்த ஆண்டுகளில் இந்நம்பிக்கை நீதிமன்றத்தையும் எட்டியது. யமுனை நீரைப் பங்கிட்டுக்கொள்வது குறித்து 1994இல் ஐந்து மாநிலங்கள் உடன்படிக்கை செய்துகொண்டன. எனினும் கோடைக்காலத்தில் தில்லிக்கு வரும் நீர் குறைந்துகொண்டே போனது. 1996இல் உச்ச நீதிமன்றம், நீரின் பயன்கள் யாவற்றுள்ளும் குடிப்பதே முதன்மையானது என்று கூறி, வஜீராபாத் நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்படி ஹரியானா நீர் விட வேண்டுமென ஆணையிட்டது. 1998இல் தில்லி குடிநீர் வாரியம் தனிச் சட்டத்தின்படி அமைந்தது.

அரசாங்கக் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று சொல்வேன். அக்காகிதங்களில் எழுவாய் அரிதாகவே தலைகாட்டும். "ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் இருந்து வருகிறது", "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது" என்பன போன்ற தொடர்களில் செயல் இருக்கும்; செய்கிறவர் இருக்கமாட்டார். இலக்கணப்படி இத்தொடர்களில் குற்றமில்லை. ஆனால் மூன்று நாட்களாகக் குழாயில் நீர் வராத வீட்டார்க்கு, செய்கிறவர் யார் என்பதே முதற் கேள்வியாக இருக்கும். எழுவாயைத் தேடும் உரிமையைத் தில்லி மக்களுக்கு 2001ஆம் ஆண்டுத் தில்லித் தகவல் உரிமைச் சட்டம் அளித்தது. 2005இல் அவ்வுரிமை நாடு முழுமைக்கும் வந்தது. அதன் வலிமையை முதன்முதலாகக் கண்ட துறைகளுள் குடிநீரும் ஒன்று. நகரின் நீர் வழங்கும் நிர்வாகத்தில் தனியார் நிறுவனங்களை ஈடுபடுத்தவும் அதற்காக உலக வங்கியிடம் கடன் பெறவும் திட்டம் ஒன்று உருவாகியிருந்தது. குடிமக்கள் அமைப்பொன்று இச்சட்டத்தின்படி அத்திட்டத்தின் கோப்புகளைப் பெற்று வெளியிட்டது. பொது விவாதம் எழுந்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் கடன் கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. அத்திட்டம் நல்லதா தீயதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் தண்ணீரைப் பற்றிய முடிவுகளை மக்கள் காணாதபடி எடுத்தல் இனி இயலாது என்பது மட்டும் அன்று உறுதியாயிற்று.

தில்லியின் நீர்க்கவலை தீர்ந்துவிட்டது என்று சொல்லுவதற்கில்லை. குளிர்காலத்தில் யமுனையில் அம்மோனியா மிகும் நாட்களில் வஜீராபாத் நிலையம் நீர் எடுப்பதைக் குறைக்க நேரிடுகிறது. அத்தகைய நாட்களில் எந்தெந்தப் பகுதிகளில் நீர் குறையும் என்று முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பற்றாக்குறை வருத்தம் தருவதுதான். எனினும் அறிவித்த பற்றாக்குறையை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் வந்த கேட்டையே அவர்கள் மறப்பதில்லை.

இந்த நம்பிக்கையில் நம் பங்கும் ஒன்று உண்டு. நீர் சில மணி நேரமே வரும் நகரங்களில், வீதிக் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி இழுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. குழாயில் அழுத்தம் குறைந்த நேரத்தில் அவ்வாறு இழுத்தால், விரிசல் வழியே அக்கம்பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே புகும். நமக்கு ஒரு குடம் மிகுதியாகக் கிடைக்கும். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு நோய் கிடைக்கும். 1955இல் ஆறு செய்ததை இன்று நாமே நம் தெருவில் சிறிய அளவில் செய்கிறோம். சமையலறையில் சுத்திகரிப்புக் கருவியை மாட்டிக்கொண்டு, இனிப் பொதுக்குழாய் எப்படிப் போனால் என்ன என்று இருந்துவிடுவதும் நல்வழியன்று. வசதி உடையவர் ஒவ்வொருவராக விலகிச் சென்றால், பொதுக்குழாய்க்காக முறையிடும் குரல் மெலிந்துவிடும். அஃது இல்லாதார்க்கு மட்டும் உரியதாகி, பின் யாருக்கும் உரியதன்றாய்ப் போகும். நீர் நிறம் மாறியோ நாற்றமடித்தோ வந்தால், வேலைக்காரப் பெண்ணிடம் அலுத்துக்கொள்வதோடு நில்லாமல் எழுத்து மூலம் புகார் செய்து, அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும். வாடகைக்கு இருப்பவர்க்கும் வெளி மாநிலத்தவர்க்கும் இவ்வுரிமை உண்டு. மொழி தடையாக இருக்குமானால், நம் தமிழ்ச் சங்கங்களில் அம்மாநில மொழியில் எழுத அறிந்தவர்கள் உதவலாம். "நாம் இவ்வூரார் அல்லரே" என்று ஒதுங்கி நிற்க வேண்டுவதில்லை.

பாலம் ஊரில் கிணறு வெட்டிய உத்தரரும் அவ்வூரார் அல்லர். அவர் காலத்தில் தண்ணீர் அறம் செய்ய ஒருவரது பொருளும் ஒரு கிணறும் போதுமானவையாக இருந்தன. இன்று அந்த அறம் ஆற்றங்கரையிலிருந்து அடுக்களை வரை பல ஆயிரம் கைகளில் பகிர்ந்து கிடக்கிறது. நீரேற்று நிலையத்தில் இரவுப் பணி புரிபவர், நீரைச் சோதிக்கும் வேதியியலார், கணக்கை வெளியிடும் அதிகாரி, அதனைப் படித்துக் கேள்வி கேட்கும் குடிமகன் ஆகிய இவர்களுள் ஒருவர் தளர்ந்தாலும் குழாய் நீர் கெடும். நல்ல நீரும் அதன்மேல் வைக்கும் நம்பிக்கையும் ஒருநாள் கட்டி முடித்து நிறுத்திவிடும் பொருள்கள் அல்ல. குளத்தைத் தூர்வாருவதுபோல் தலைமுறைதோறும் அவற்றைப் பேணிக்கொண்டே இருத்தல் வேண்டும்.